கழற்றிய டிஸ்க்

மருத்துவமனை சர்வரில் ஒன்றுக்கொன்று நகலாக ஓடிய இரண்டு டிஸ்க்குகளில் ஒன்றை, இனித் தேவையில்லை என்று டெக்னீஷியன் கழற்றினான். சர்வர் பூட் ஆக மறுத்தது. மதியம் முழுக்க மல்லுக்கட்டி எழுப்பினால், திரையில் மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. அடச்சே! அன்றோடு நகலெடுப்பதை நிறுத்திவிட்ட டிஸ்க்கை உள்ளே விட்டுவிட்டு, நல்லதைப் பிடுங்கியிருக்கிறான்.

அது அவன் மனைவியை இதே மருத்துவமனையில் பிரசவத்துக்குச் சேர்த்த தேதி. மறுநாள் மகள் பிறந்தாள், மனைவி பிழைக்கவில்லை.

மேசை போன் அடித்தது. "சார், ஆறாம் ரூம்ல உங்க மனைவி உங்களக் கேக்குறாங்க," என்றாள் நர்ஸ். "வலி இன்னும் வரல."

பதறிப்போய் வீட்டுக்குப் போன் போட்டான். "அம்மா, பாப்பா என்ன பண்றா?"

"எந்தப் பாப்பாடா?"

கழற்றி வைத்திருந்த நல்ல டிஸ்க்கைக் கையிலெடுத்தான். இன்னும் சூடாக இருந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"அதத் திரும்ப மாட்டுப்பா. எல்லாம் பழையபடி சரியாயிடும்."