நூற்றுப் பதினேழாம் கலவை

ஆய்வகத்தில் ஒரு பெரிய குடுவை இருந்தது. காலையில் அதன் கழுத்தில் ‘117’ என்று சீட்டு ஒட்டி அடுப்பில் ஏற்றிவிட்டார்கள். ஒரு மருந்துக் கலவையைக் காய்ச்ச அதற்கு நாள் முழுக்க வேண்டும். அந்தப் பெருமையில், பக்கத்தில் இருந்த சோதனைக் கருவியான சிறு கண்ணாடிச் சில்லைக் கண்டாலே அதற்கு இளக்காரம்.

சில்லுக்குள் மயிரிழை போன்ற வாய்க்காலில், எண்ணெயில் மிதந்தபடி துளிகள் வரிசையாக ஓடின. ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு கலவை. வாய்க்காலின் முடிவில் ஒளி பாய்ச்சுவார்கள். மின்னும் துளியை மருந்துக்கு எடுத்துக்கொள்வார்கள். மற்றவை கழிவுக்குப் போகும்.

“இதுல ஒரு கொசுவுக்குக்கூடத் தாகம் தீராது, இதுங்க மருந்து காய்ச்சுதாம்!” என்றது குடுவை.

அப்போது ஒரு துளி மின்னாமல் ஒளியைக் கடந்தது.

“அட பாவமே, உன் பிழைப்பு வீணாப் போச்சே!”

“எதுக்குண்ணே வீணு? நான் நூற்றுப் பதினேழாம் கலவை. இது உதவாதுன்னு தெரிஞ்சுபோச்சு. இனி இதுக்காக யாரும் ஒரு நாளைத் தொலைக்க வேண்டாம்” என்று சிரித்தபடியே கழிவுக் குப்பியில் விழுந்தது துளி.

துளி மின்னாததைக் கண்ட ஆய்வாளர் யாழிசை வந்து குடுவையின் அடுப்பை அணைத்தாள்.

குடுவை தன் கழுத்திலிருந்த ‘117’ சீட்டை ஒருமுறை பார்த்தது. பிறகு, சில்லில் வந்துகொண்டிருந்த அடுத்த துளியைப் பார்த்து மெல்லக் கேட்டது:

“ஐயா, நீங்க எத்தனையாவது கலவை?”