மீசையின் முழு அளவு

கோமதிநாயகம் வீட்டுக்கு யார் வந்தாலும் கூடத்தில் மாட்டியிருக்கும் அவர் தாத்தா படத்தின் மீசையைப் பார்க்காமல் போக முடியாது. அந்தப் படத்தை, எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாதபடி ஸ்கேன் செய்து, தான் எழுதிய மென்பொருளில் திறந்தாள் மருமகள் செண்பகம். பக்கத்தில் அவளுடைய அப்பா ஆவுடையப்பன்.

"மீசையைப் பெருசாக்கு தாயி. உங்கப்பா பாக்கட்டும்" என்றார் கோமதிநாயகம்.

அவள் மௌஸ் சக்கரத்தை உருட்டினாள். மங்கலாக விரிந்த படம் கட்டம் கட்டமாகத் தெளிந்தது. ஆவுடையப்பன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"சம்மந்தி, இது முடியில்லையே! ஸ்டுடியோக்காரன் பிரஷ்ஷால இழுத்த கோடுல்லா? அடியில உதடு வழுவழுன்னு தெரியுதே!"

செண்பகம் சிரிப்பை அடக்கிக்கொண்டு படத்தைச் சுருக்கப் போனாள். மூன்று தலைமுறை மானம் திரையில் கிடக்க, கோமதிநாயகம் முதுகை நிமிர்த்தினார்.

"ஏன் நிறுத்திட்டே? இன்னும் பெருசாக்கு."

பெரிதாக்கினாள்.

"இன்னும்."

ஒரே ஒரு கோடு தடித்து விரிந்துகொண்டே போனது. உதடு திரைக்கு வெளியே போயிற்று. திரை முழுக்கக் கறுப்பு.

"இப்பச் சொல்லுங்க சம்மந்தி. இந்த மீசைக்கு ஓரம் எங்க இருக்கு? காட்டுங்க பாப்போம்."

ஆவுடையப்பன் மௌஸை வாங்கி இடமும் வலமும் நகர்த்தத் தொடங்கினார். எந்தப் பக்கம் போனாலும் கறுப்பே வந்துகொண்டிருந்தது.