மதிய ஊசி

தங்கை இறந்த பிறகு நர்ஸ் மாயா எதிலும் பிடிப்பில்லாமல் திருவொற்றியூர் ஆஸ்பத்திரிக்கு வந்துபோனாள். விசைப்படகில் கால் நசுங்கிப் படுத்திருந்த சுப்புராயனுக்கு எழுதிய வலி ஊசியைச் சில நாட்களாக அவளே போட்டுக்கொண்டாள். அவருக்கு வெறும் சலைன்தான் போனது.

ஒரு மதியம் அவர் மனைவி குப்பம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா ஊசி சிஸ்டர் போடுற? மனுசன் துடிச்சிகினே கீறாரு."

அன்று மாயா முழு மருந்தையும் அவருக்கே ஏற்றினாள். ஊசியை உருவுவதற்குள் பழகிய இளஞ்சூடு அவள் கையில் பரவியது. அவளுக்குக் கண் சொருகியது. சுப்புராயன் அலறினார்.

பயந்துபோய் உடன் வேலை செய்யும் எழில்மொழியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ லீவு போடு. டாக்டராண்ட நானும் கூட வந்து பேசறேன். அதுவரைக்கும் அவருக்கு நான் போடறேன்" என்றாள் எழில்மொழி.

மறுநாள் மதியம் மாயா வியாசர்பாடி வீட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஈரக்கை திடீரென்று சூடானது. போன் அடித்தது.

"முழுசா போட்டேன்டி. இன்னும் கத்தறாரு" என்று எழில்மொழி அழுதாள்.

மாயா சுவரில் சாய்ந்தாள். போனுக்குள் சுப்புராயன் அலறிக்கொண்டே இருந்தார். அவளுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.