ஆண்டுச் சந்தா

மறுநாள் காலை வடிவுக்கு இதய அறுவை சிகிச்சை. மருத்துவமனைக் கட்டிலருகே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான் அவள் கணவன் சண்முகவேல். குடும்பத்தின் பாஸ்வேர்டுகளையெல்லாம் ஒரே இடத்தில் பூட்டி வைக்கும் செயலி ஒன்றை அவசரமாக இறக்கியிருந்தான். இத்தனை வருடங்களாக அந்தச் செயலி அவள்தான். கூடத்திலிருந்து, "வடிவு, கேஸ் புக்கிங்குக்கு என்ன?" என்று அவன் கேட்டால், தாளிக்கும் சத்தத்துக்கு நடுவிலிருந்து பதில் வரும். அவள் யோசித்து அவன் பார்த்ததே இல்லை.

இப்போதும் கண்களை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாமனாரின் பென்ஷன் கணக்குக்கு அவர் ஓட்டிய பழைய ஸ்கூட்டரின் எண். மகளின் கணக்குக்கு, கூண்டிலிருந்து பறந்துபோன கிளியின் பெயர். கரண்ட் பில்லுக்கு, கல்யாணமான புதிதில் குடியிருந்த வாடகை வீட்டின் முகவரி. அவனே அதை மறந்துவிட்டிருந்தான். தட்டிக்கொண்டிருந்த விரல்களை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தான்.

கடைசியாகப் பணம் கட்டும் பக்கம் வந்தது. ஒரே தடவை கட்டி ஆயுளுக்கும் உரிமமா, வருடா வருடம் சந்தாவா?

"ஆயுளுக்கும் வாங்கிருவோம். அதான் லாபம்," என்றான். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவனுக்கே உறைத்தது.

வடிவு கண்ணைத் திறந்தாள். "வருஷச் சந்தாவே போடுங்க."

"வருஷா வருஷம் யாரு ஞாபகம் வச்சுக் கட்டுறது?"

ஊசி குத்தியிருந்த கையால் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். அடுத்த ஆண்டு நினைவூட்ட வேண்டிய கைபேசி எண்ணைத் திரை கேட்டது. அவள் தன் எண்ணைத் தட்டினாள்.