சைபர் இல்லாத ஸ்கேல்

ஐந்தாம் வகுப்பு எஸ்தரின் பென்சில் டப்பாவில் ஒரு மர ஸ்கேல் குடியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கீழே விழுந்து முனை முறிந்ததில் அதன் சைபரும் ஒன்றும் போயே போய்விட்டன. இப்போது அது இரண்டில்தான் ஆரம்பிக்கும்.

அன்று கடைசிக் கணக்குப் பரீட்சை. "எழுதி முடிச்சதும் அந்த உடைசலைக் குப்பையில போட்டுடு" என்று சொல்லி, அம்மா புது ஸ்கேல் ஒன்றை டப்பாவில் வைத்திருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து மர ஸ்கேல் டப்பாவின் மூலையில் ஒடுங்கிக் கிடந்தது.

"ஆறாம் கிளாசுக்கு மூக்கும் முழியுமா இருக்கறவங்கதான் போக முடியும் அண்ணே" என்றது புதுசு.

வினாத்தாளில் ஒரு படம். ஸ்கேலை ஒட்டி ஒரு பென்சில் படுத்திருந்தது. அதன் அடி மூன்றில், நுனி ஒன்பதில். பென்சிலின் நீளம் என்ன?

"ஒன்பது. இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றது புதுசு. பக்கத்து பெஞ்சுகளிலும் ஒன்பது என்றுதான் எழுதினார்கள்.

எஸ்தர் ஆறு என்று எழுதினாள்.

புதுசு திகைத்துப்போனது. "இந்த ஆறு எங்கேருந்து அண்ணே வந்துச்சு?"

"என்னை வச்சு அளக்கும்போது அவ எப்பவும் ஆரம்பத்தைக் கழிச்சுப்பா. எங்கிட்டதான் சைபரே கிடையாதே."

மணி அடித்தது. குப்பைக்கூடையைத் திரும்பியும் பார்க்காமல், எஸ்தர் மர ஸ்கேலைத்தான் முதலில் டப்பாவில் வைத்தாள். அடுத்து வந்த புதுசு பக்கத்தில் ஒட்டிப் படுத்துக்கொண்டு, மெல்லக் கேட்டது:

"உடைஞ்சப்போ ரொம்ப வலிச்சுதா அண்ணே?"