வெள்ளைக் கதவு

புதுப்பேட்டையில் பழைய கார் பாகங்கள் விற்கும் அன்வர்தீனின் போனில் சரக்கு முன்பதிவுச் செயலி அறிவித்தது: "இடது கதவு. விபத்துக்கு இன்னும் இருபது நிமிடம். முன்பதிவு செய்யவும்." கீழே மகள் நஸ்ரினின் வண்டி எண்.

உடனே அவளை அழைத்தார். "ஓரமா நிறுத்திட்டு இறங்கும்மா. கேள்வி கேக்காத."

அவள் இறங்கியதும் செயலியை உருவாக்கிய தீபக்கைப் போனில் பிடித்தார்.

"மோதப்போகுதுன்னு கடைக்காரனுக்குச் சொல்ற. ஓட்டுறவகிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா வண்டி மோதாது சார், சரக்கு வராது. மத்த கடைக்காரங்க முந்திடறாங்க, முன்னாடியே தெரியணும்னு நீங்கதானே கேட்டீங்க?"

வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனை வைத்தார்.

எதிரே, போன வாரம் முன்பதிவில் வாங்கிய வெள்ளைக் கதவு சாய்ந்திருந்தது. அதன் கண்ணாடியில் ஏதோ குழந்தை ஒட்டிய யானை ஸ்டிக்கர். அவர் முன்பதிவு செய்தபோது அந்தக் கார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.