அந்த அம்மாவின் பேட்டி

நிறுவனங்களின் நற்பெயரை ஆராயும் முனைவர் பட்ட மாணவர்களுக்கான பயிலரங்கில், கடைசியாகப் பேச வந்தவள் அவள்தான். பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

கெட்டுப்போன பெயரை ஒரு வாஷிங் மெஷின் கம்பெனி மீட்டெடுத்தது, வாடிக்கையாளர்கள் இணையத்தில் மனதார எழுதிய பாராட்டுகளால்தான் என்பது அவளுடைய ஆய்வு. ஆறு வருட உழைப்பு. "எப்பம்மா முடிப்பே?" என்று கேட்டுக்கொண்டிருந்த மாமியார்கூடக் கேட்பதை விட்டுவிட்டார்.

சான்றுக்கு ஒரு பாராட்டைப் படித்தாள்.

"எழுபது வயசு வரைக்கும் துவைச்சுத் துவைச்சு மரத்துப்போன கைக்கு, இந்த மெஷின்தான் ஓய்வு கொடுத்துச்சு. பெத்த பொண்ணு மாதிரி."

அரங்கம் விழித்துக்கொண்டது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காசுக்கு எழுதினா இப்படி வராதும்மா. இந்த அம்மாவை ஒரு பேட்டி எடுத்துச் சேர்த்துடுங்க, போதும்."

வெளியே கணவன் வண்டியோடு நின்றிருந்தான். அவள் படிப்பதற்காக வீட்டிலிருந்தபடியே ஏதோ டைப்பிங் வேலை பார்ப்பவன்.

"ஒரே ஒரு பேட்டிதாங்க பாக்கி" என்று சொல்லி, அந்தப் பாராட்டை மனப்பாடமாக ஒப்பித்தாள். "அந்தம்மாவை எங்கே போய்த் தேடுவேன்? பாவம், கை இப்ப எப்படி இருக்கோ!"

அவன் வண்டியைக் கிளப்பவில்லை.

"அந்தம்மாவுக்குக் கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றான் சோர்வாக. "ஒரு நாளைக்கு இருபது பேரா மாறி மாறிப் பாராட்டு எழுதுறதுல, முதுகுதான் போச்சு."